ஐஸ்பெட்டியும் மூன்று செவலை நாய்களும்

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் அத்தனை டாக்டர்களையும் நடுங்க வைத்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது ஐஸ்பெட்டிதான். வருமான வரிக்காரர்கள்கூட அவருக்கு அடுத்தபடிதான். வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியோடு அவர் தெருமுனையில் திரும்பினால், கிளினிக்கில் உட்கார்ந்து பிறருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

எண்பதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். மருந்துக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சைக்கிளில் சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அந்தக் கடையில் தடுப்பூசிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றால் ஒரு பிரிட்ஜ், ஒரு நாற்காலி, ஐஸ்பெட்டி. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்துக்கு எதிரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ஐஸ்பெட்டி'. அவ்வளவுதான்.

வருஷத்தில் எத்தனை காலம் என்று கேட்டால் நம்மவர்கள் வெயில், மழை, பனி என்று சொல்வார்கள். ஐஸ்பெட்டியின் கணக்கு வேறு. தை முதல் பங்குனி வரை அம்மைக் காலம். சித்திரை, வைகாசி நாய்க் காலம். மழை ஆரம்பித்தால் டைபாய்டு காலம். மீதி நாளெல்லாம் பிரிட்ஜ் துடைக்கும் காலம்.

ஒவ்வொரு காலம் தொடங்கும் முன்பும் மருந்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். இந்த வருஷம் எந்த ஊசி எவ்வளவு வரும், எது தாமதமாகும், எந்த வயதில் போடச் சொல்லியிருந்தது இப்போது எப்படி மாறியிருக்கிறது என்றெல்லாம் அதில் இங்கிலீஷில் இருக்கும். மற்றக் கடைக்காரர்கள் அதைக் கவரில் போட்டு டாக்டருக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டர் அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார். ஐஸ்பெட்டியிடம் அது நடக்காது. நேரில் போவார். நின்றபடி தமிழில் சொல்லி முழுக்க வாசிப்பார். வாசித்து முடித்துக் கேள்வி கேட்பார்.

"சார், தட்டம்மை ஊசி எத்தனையாவது மாசம்?"

"ஒம்பது."

"கலக்கின பிறகு எவ்வளவு நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும்?"

டாக்டர் மேலே ஓடும் ஃபேனைப் பார்ப்பார்.

"பதில் நானே சொல்லிடறேன் சார். வெளியில அம்மாக்கள் வரிசையா உக்காந்திருக்காங்க. சத்தமா சொல்லவா, மெதுவா சொல்லவா?"

குரோம்பேட்டையில் ஒரு டாக்டர், ஐஸ்பெட்டி படியேறுவதைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஐஸ்பெட்டி கதவுக்கு வெளியே நின்று கடிதத்தை வாசித்தார். உள்ளேயிருந்து "சரி, சரி" என்று குரல் வந்தது. "இது முதல் பக்கம் சார்" என்றார் ஐஸ்பெட்டி. இரண்டாவது பக்கம் முடிந்ததும், பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும் தாளையும் பேனாவையும் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். கையெழுத்தோடு தாள் வெளியே வந்தது. பேனா வரவில்லை. கோபம்.

கடிதத்தைவிட டாக்டர்கள் பயந்தது பிரிட்ஜ் சோதனைக்கு. அப்போது பாதி டாக்டர்களுக்கு முன்னறைதான் கிளினிக், பின்னால் வீடு. ஒரே பிரிட்ஜ்தான் இருக்கும். மேல்தட்டில் தடுப்பூசி, கீழ்த்தட்டில் குடும்பம். ஐஸ்பெட்டி "எக்ஸ்கியூஸ் மீ மேடம்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்ப் பிரிட்ஜைத் திறப்பார். சேலையூரில் ஒரு டாக்டர் வீட்டில் முத்தடுப்பு ஊசிக் குப்பிகளுக்கு மேல் இட்லி மாவுக் குண்டான் உட்கார்ந்திருந்தது.

"மேடம், மாவு புளிக்கணும். ஊசி மருந்து கெடக்கூடாது. இதுங்க ரெண்டும் ஒரே வீட்ல குடித்தனம் பண்ண முடியாது."

"ஏங்க, இது எங்க பிரிட்ஜுங்க. எங்க அப்பா வாங்கிக் கொடுத்தது."

"அப்ப ஊசியை நான் எடுத்துட்டுப் போறேன். சார் பேஷண்டுக்கெல்லாம் இட்லி போடட்டும்."

அந்த அம்மாள் குண்டானை எடுத்துத் தரையில் வைத்த சத்தம் வெளியே சைக்கிளோடு நின்ற எனக்குக் கேட்டது. மறுமாதம் நாங்கள் போனபோது மாவு வெளியே இருந்தது. பிரிட்ஜ் கதவில் ஐஸ்பெட்டி ஒட்டிய காகிதம் இருந்தது: 'ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் திறக்கக் கூடாது.' அதன் கீழே யாரோ பென்சிலால் 'உங்கள் வாயையும்' என்று எழுதியிருந்தார்கள். ஐஸ்பெட்டி படித்துப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரில் அளவு சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். அவருக்கு அதுதான் முக்கியம்.

பஸ்ஸில் அவர் படுத்திய பாடு தனி. காலையில் பல்லாவரம் பக்கம் போகும் பஸ்ஸில் வலது பக்கம் வெயில் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் வலது பக்கம்தான் வெயில். நிழல் எப்போதும் இடது பக்கம். இடது பக்கம் பெண்கள் சீட்டு. பெட்டிக்கு வெயில் ஆகாது, அவருக்கு அந்தச் சீட்டு ஆகாது. அதனால் ஏறியதும் யாராவது ஒரு பெண்மணியைப் பார்த்து, "அம்மா, இதைக் கொஞ்சம் மடியில வெச்சுக்குங்க" என்று நீட்டுவார். ஒருநாள் ஒரு மீன்கார அம்மா வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னா சார் கீது உள்ள?" என்று கேட்டது.

"அம்பது குழந்தைங்க உயிர் இருக்கும்மா."

அந்த அம்மா போட்ட கூச்சலில் டிரைவர் நடுரோட்டில் பிரேக் போட்டார். கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யோவ், பெட்டில புள்ளையா வெச்சுகினு கீற?"

"புள்ளைங்களுக்குப் போடற தடுப்பூசிப்பா."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா! பேஜார் புடிச்ச ஆளா கீறியே."

ஐஸ்பெட்டி அதற்கெல்லாம் கலங்கவில்லை. நிறுத்திய பஸ்ஸில் காற்று இல்லை, பெட்டி சூடாகிறது, சீக்கிரம் எடுங்கள் என்று டிரைவரை அவசரப்படுத்தினார்.

பெருங்களத்தூரில் ஒரு கிளினிக்கில் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், வேலையில் ஆர்வம் அதிகம். குளிர்ச்சி நல்லது என்றால் இன்னும் குளிர்ச்சி இன்னும் நல்லதுதானே என்று நினைத்து, முத்தடுப்பு ஊசிக் குப்பிகளைப் பிரிட்ஜில் ஐஸ் கட்டும் அறைக்குள் வைத்துவிட்டார். போலியோ சொட்டு மருந்து அங்கே இருக்கலாம். முத்தடுப்பு உறைந்துவிட்டால் அதில் சத்து இல்லை, வெறும் தண்ணீர் மாதிரிதான். உறைந்து இளகினதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. வேண்டுமென்றே உறைய வைத்து இளக்கிய குப்பி ஒன்று, சந்தேகக் குப்பி ஒன்று, இரண்டையும் நன்றாகக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்டல் எப்படிப் படிகிறது என்று அரைமணி நேரம் பார்க்க வேண்டும்.

ஐஸ்பெட்டி நோயாளிகள் உட்காரும் இடத்திலேயே ஸ்டூலைப் போட்டு, குப்பிகளைக் குலுக்கி மேஜையில் வைத்து, தாடையை மேஜைமேல் ஊன்றி, கண் கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் பேச்சு அடங்கியது. இருமல்காரர்கூட இருமலை நிறுத்தினார். ஒரு பெரியம்மா எழுந்து வந்து கை கூப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றது.

"சாமி, எங்க வூட்டு பித்தள அண்டா காணாமப் பூட்ச்சு சாமி. யார் கைல கீதுன்னு இதுல தெரியுதா பாரு."

ஐஸ்பெட்டி திரும்பவே இல்லை. "படியுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கேம்மா."

"படியட்டும் சாமி, படியட்டும். நான் இங்கியே குந்திகினு கீறேன்."

அரைமணி கழித்து, "எல்லாம் போச்சு" என்றார் ஐஸ்பெட்டி. அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கம்பவுண்டரும்தான்.

இப்படிப்பட்டவர் நாய்க் காலத்தில் எப்படி இருப்பார் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் நாய் கடித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. பிறகுதான் கையில் போடும் ஐந்து ஊசி வந்தது. முதல் ஊசி உடனே, அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், முப்பதாம் நாள். இந்த மாற்றத்தை டாக்டர்களுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. கடிபட்டவர்கள்தான் நம்பவில்லை. ஐந்தும் போட்டு முடித்த ஒரு பெரியவர் கடைக்கே வந்து, "மீதி ஒம்போது எங்க? நாய் முழுசாத்தான கடிச்சுது?" என்று சண்டை போட்டார்.

நாய்க்கடி ஊசியில் ஐஸ்பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவருக்கு ஆரம்பித்தால் ஐந்தும் கையில் இருக்க வேண்டும். ஐந்து குப்பிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பெயர் எழுதிய சீட்டைச் செருகி, பிரிட்ஜில் தனியாக வைப்பார். அந்தக் கட்டைத் தொட யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒரு கட்சிக்காரர் வீட்டு அல்சேஷன் கடித்த விஷயத்தில் முதலாளியே கேட்டுப் பார்த்தார். "அவர் பேர் சீட்டுல இல்லியே சார்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் சித்திரையில் வந்த கடிதத்தை அவர் எங்களுக்கும் வாசித்துக் காட்டினார். நாய்க்கடி ஊசி வரத்து குறைவு, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று இப்போது சொல்ல முடியாது, இருப்பதை ஆளுக்கு ஐந்து என்ற முழுக் கணக்காகப் பார்த்துக் கொடுக்கவும். பெரிய ஆஸ்பத்திரியிலும் அந்த மாதம் தட்டுப்பாடு, போனவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று பேச்சு. எங்கள் பிரிட்ஜில் பெயர் எழுதாத குப்பிகள் எட்டுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து என்னை நாய் கடித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் படப்பையில் ஒரு மருந்துக் கடைக்குச் சரக்கு கொண்டு போயிருந்தேன். பக்கத்தில் ஒரு டீக்கடை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக் குனிந்தேன். பின்னாலிருந்து வந்து கடித்துவிட்டது. எந்த இடம் என்று எழுதத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து, சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்து நானே சுண்ணாம்பு தடவிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் காட்டச் சொல்வார்களே என்பதுதான் அப்போது எனக்கு இருந்த பெரிய பயம்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்து இறங்கினேன். வாசலில் நின்ற ஐஸ்பெட்டி என்னையே பார்த்தார்.

"ஏழுமலை, ஏன் சீட்டுல உக்காராம மிதிச்சுக்கிட்டு வர்றே?"

"சும்மாதான் சார்."

"நாயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க கடிச்சுது?"

"படப்பையில சார்."

"ஊரைக் கேக்கலைப்பா."

அவ்வளவுதான். கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது விதி. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சுவரில் வைத்துவிட்டு, அவரே கழுவ ஆரம்பித்தார்.

"சுண்ணாம்பு யாரு வெச்சது?"

"நான்தான் சார்."

"வெத்தலையும் வெச்சிருந்தா கல்யாணமே பண்ணியிருக்கலாம்."

லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள். "இன்னா சார், மாட்டுப் பொங்கலா?" என்று ஒருவன் கேட்டான். ஐஸ்பெட்டி கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு. ஆளுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாங்க" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நாய்க்கடிக்கு அந்தப் பதினைந்து நிமிஷம்தான் பாதி வைத்தியம் என்று பிற்பாடு டாக்டரம்மா சொன்னார்.

டாக்டரம்மா என்பது எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி கிளினிக் வைத்திருந்தவர். பரிசோதனை எல்லாம் முடிந்து, முதல் ஊசியைக் கையில் போட்டார். போட்டுவிட்டு, "எந்த நாய்?" என்று கேட்டார்.

"தெருநாய் மேடம்" என்றார் ஐஸ்பெட்டி. உடனே கடிதம் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார். "கடிச்ச நாயைப் பத்து நாள் கவனிக்கணும். பத்து நாளும் அது நல்லா இருந்தா, அதுக்கு நோய் இல்லைன்னு அர்த்தம். மீதி ஊசி தேவையில்லை."

"அது வீட்டு நாய்க்கு சரி. தெருநாயைப் பத்து நாள் யாரு பார்த்துக்கிட்டு இருப்பாங்க?"

"நான் பார்க்கறேன் மேடம்."

டாக்டரம்மா சிரித்தார். அவர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைக்கு வந்து ஐந்து குப்பிக் கட்டில் ஒன்று போக மீதி நான்கையும் கட்டி, 'ஏழுமலை' என்று சீட்டு எழுதிச் செருகினார். பிறகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நாய் அடையாளம் சொல்லு" என்றார்.

"செவலை சார்."

"அப்புறம்?"

"அது பின்னாடி இருந்திச்சு சார். நான் முன்னாடி பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அன்று சாயங்காலமே பஸ் பிடித்துப் படப்பைக்குப் போனார். அந்த டீக்கடை வாசலில் செவலை நாய்கள் மூன்று இருந்தன. எது என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. அதனால் மூன்றையும் எழுதிக்கொண்டார். செவலை ஒன்று, காது மடிந்தது. செவலை இரண்டு, வால் அறுந்தது. செவலை மூன்று, சொல்லும்படி ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் படப்பை பஸ். ஒரு பன் வாங்கி மூன்றாகப் பிய்த்துப் போடுவார். ஒரு தேங்காய் ஓட்டில் தண்ணீர் வைப்பார். தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, கால் தள்ளாடுகிறதா, வாயில் நுரை இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்பார். பார்த்து எழுதுவார். 'மூன்றும் ஆஜர்.'

டீக்கடைக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இன்னா சார், நாய்க்குப் பொண்ணு பாக்க வந்துகினு கீறியா?"

இதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை கன்னியம்மா வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கன்னியம்மா வண்டலூர் ஸ்டேஷன் பக்கத்தில் பூ விற்கிற பெண். நாற்பது வயசு இருக்கும். கணவன் இல்லை, பிள்ளைகள் மூன்று. புதன்கிழமை அவளைக் கையில் கடித்த நாய், வாயில் நுரை தள்ளி மறுநாள் காலையில் ரயில் பாதை ஓரம் செத்துக் கிடந்தது. டாக்டரம்மா அவளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து எங்களிடம் அனுப்பினார். சீட்டில் ஐந்து என்று இருந்தது. பிரிட்ஜில் என் கட்டு போக மூன்றுதான் இருந்தது.

எட்டுக் குப்பி. பத்து ஊசி.

ஐஸ்பெட்டி பிரிட்ஜைத் திறந்தவர் விதியை மீறி ரொம்ப நேரம் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். பிறகு மூடினார். வாழ்நாளில் முதல் தடவையாக மூன்று குப்பியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்.

"சார், எனக்கு அஞ்சுன்னு டாக்டரம்மா சொல்லிச்சே?"

"வரும்மா. மூணாவது ஊசி அடுத்த வியாழக்கிழமை. அதுக்கப்புறம் ஒரு வாரம் டைம் இருக்கு."

"வராங்காட்டி?"

அவர் சீட்டில் அவள் பெயரை எழுதிச் செருகினார். நான் வாயைத் திறந்து, "சார், என்னோடதைக் கொடுத்துடுங்க" என்றேன். நாலு பேர் எதிரில் நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"உன் நாயும் செத்தா?" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இரண்டாவது ஊசி. அன்றைக்கு வண்டலூரில் மிருகங்களைப் பார்க்க வரும் கூட்டத்தால் பூ வியாபாரம் நன்றாக இருக்கும் நாள். அவள் வரவில்லை. ஐஸ்பெட்டி ரயிலேறி வண்டலூருக்கே போய்விட்டார். "கடையை நான் பாத்துக்கறேன், நீ போய்ப் போட்டுக்கிட்டு வா" என்று அவளைத் தாம்பரம் அனுப்பிவிட்டுப் பூக்கூடை முன்னால் உட்கார்ந்தார். முழம் என்றால் எவ்வளவு என்று யோசித்து, யாருடைய கையும் ஒரே அளவு இல்லை என்பதால், பக்கத்துப் பெட்டிக்கடையில் ஸ்கேல் வாங்கி அளந்து கொடுத்திருக்கிறார். அவள் திரும்பி வந்தபோது கூடை காலி, வரிசையில் இன்னும் ஆட்கள்.

"இன்னா சார், ஊருக்கே பூ குட்த்துட்டியா! நான் மொழம் போட்டா இத்த வெச்சு ராவு வரிக்கும் வித்திருப்பேன்."

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. அடுத்தவாட்டி நானே வந்துர்றேன் நைனா. நீ மட்டும் வராத."

வந்துவிட்டாள். அதற்கு முன்னால் வேறொன்று நடந்தது.

நாயைக் கவனிக்க ஆரம்பித்து எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் எனக்கு மூன்றாவது ஊசி போட்டார்கள். சாயங்காலம் போன ஐஸ்பெட்டி ராத்திரி வீட்டுக்குப் போகாமல் கடைக்குத் திரும்பி வந்தார். ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்த என்னிடம் நோட்டைக் காட்டினார். 'இரண்டு ஆஜர்.' செவலை மூன்றைக் காணவில்லை.

"எங்கயாவது போயிருக்கும் சார்."

"நோய் வந்த நாயும் எங்கயாவதுதான் போகும்."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. என்னைப் பற்றியே முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பூக்காரப் பெண்ணின் கையும் ஞாபகம் வந்தது.

மறுநாள் மதியமே இரண்டு பேரும் படப்பைக்குப் போனோம். சாக்கடை ஓரம், அரிசி மில்லின் பின்பக்கம், ஏரிக்கரை எல்லாம் தேடினோம். ஐஸ்பெட்டி எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "ஒரு செவலை நாய் பார்த்தீங்களா? அடையாளம் ஒண்ணும் கிடையாது" என்று கேட்டார். அவர்கள் அவரையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். கடைசியில் டீக்கடைக்காரர்தான், "முகூர்த்தம் ஆச்சே சார், அந்தாண்ட கல்யாண மண்டபத்துல பாத்தியா?" என்று கேட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியல். அதன்மேல் பத்துப் பதினைந்து நாய்கள். அதில் ஒரு செவலை தலையைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. ஐஸ்பெட்டியையும் டீக்கடைக்காரரையும் விட்டுவிட்டு, என்னை மட்டும் பார்த்து உறுமியது. பிறகு குவியலிலிருந்து குதித்து நேராக என் மேல் வந்தது.

நான் ஓடினேன். படப்பை மார்க்கெட் தெரு முழுக்க ஓடினேன். பின்னால் நாய். நாய்க்குப் பின்னால் ஐஸ்பெட்டி.

"அதேதான்! அதேதான் ஏழுமலை!" என்று கத்திக்கொண்டே வந்தார். "கால் தள்ளாடலை! நேரா ஓடுது பார்! நுரை இல்லை! நல்ல ஆரோக்கியம்ப்பா, நிக்காதே, ஓடு! இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்!"

ஒரு காய்கறி வண்டிமேல் ஏறித்தான் தப்பித்தேன். நாய் கீழே நின்று நாலு தடவை குரைத்துவிட்டு, மண்டபத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. ஐஸ்பெட்டி மூச்சு வாங்க வந்து, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நோட்டை எடுத்தார். 'மூன்றும் ஆஜர்' என்று எழுதி, பக்கத்தில் 'குரல் தெளிவு' என்று சேர்த்தார்.

வியாழக்கிழமை பத்தாம் நாள். காலையில் கன்னியம்மாவுக்கு மூன்றாவது ஊசி போட்டு அவள் கட்டு தீர்ந்தது. சாயங்காலம் ஐஸ்பெட்டி படப்பையிலிருந்து நேராக டாக்டரம்மாவிடம் போய் நோட்டைக் காட்டினார். நானும், முடிவு தெரிந்துகொள்ள வந்திருந்த கன்னியம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா பத்து நாள் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இதுதான் கடிச்ச நாய்னு நிச்சயமா?"

"அதுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு மேடம்."

இனி எனக்கு ஊசி தேவையில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். கடைக்கு வந்தோம். ஐஸ்பெட்டி பிரிட்ஜைத் திறந்து என் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு குப்பி இருந்தது. என் பெயர் எழுதிய சீட்டை வெளியே உருவி என் முன்னால் நீட்டினார்.

"உன் பேர்ல இருக்கு. நீ சொன்னாத்தான் மாத்துவேன். யோசிச்சுச் சொல்லு."

"மாத்துங்க சார்."

"எழுதிக் கொடு."

சீட்டின் பின்பக்கத்தில் 'கன்னியம்மாவுக்குக் கொடுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கன்னியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். ஐஸ்பெட்டி புதுச் சீட்டில் அவள் பெயரை எழுதி, குப்பிகளைக் கட்டி உள்ளே வைத்தார். "அடுத்த வியாழக்கிழமை. முகூர்த்தம் கிகூர்த்தம்னு சொன்னே, நானே கூடை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவேன்" என்றார்.

"ஐயோ சாமி, வந்துர்றேன்" என்றாள் அவள். இரண்டு ஊசிக்கும் சரியான நாளில் வந்தாள். நன்றாக இருந்தாள்.

மறுவருஷம் ஐஸ்பெட்டியை மதுரைப் பக்கம் வேறொரு கம்பெனி நல்ல சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டது. தாம்பரம் டாக்டர்கள் பெருமூச்சு விட்டார்கள். பிரிட்ஜுகளில் இட்லி மாவு திரும்பி வந்தது. அவர் போய்க் கொஞ்ச நாள் கழித்து, நாய்க்குப் பயந்து அதுவரை போகாமலிருந்த படப்பைக்கு நான் சரக்கோடு போனபோது டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா ஏழுமல, உங்க நாய் சார் எங்க?"

மதுரை போய்விட்டார் என்றேன்.

"நல்ல மனுசன். ஒரு மாசம் டெய்லி வந்தாரு, மழ வந்தாகூட வந்தாரு. கடசி நாளு மூணு நாய்க்கும் ஆளுக்கு ஒரு பன்னு வாங்கிப் போட்டுட்டு, 'முப்பது ஆச்சுப்பா, இனிமே வரமாட்டேன்'னு சொல்லிட்டுப் போனாரு."

பத்து நாள்தானே என்றேன்.

"முப்பது. நான்தான் டீ போட்டுக் குட்த்தேன், எனக்குத் தெரியாதா?"

முப்பதாம் நாள் என்றால், நான் விட்டுக்கொடுத்த ஐந்தாவது ஊசிக்கான நாள். கடையில் தினமும் பார்த்துக்கொண்டோம். அவர் ஒரு வார்த்தைகூட என்னிடம் சொன்னதில்லை.

கடிதத்தில் பத்து நாள் என்றுதான் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டர்களுக்கு அவர் அதை வாசிக்கும்போதெல்லாம் நானும் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.